ஏழுமலை கொண்டுவந்த பாட்டில்

போன வாரம் நஸ்ரீன் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள். "மேடம், புது மெஷின் வந்துடுச்சு. காலையில பாட்டில் உள்ள போனா சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட் வந்துடுது. நீங்க ஒரு பாட்டிலுக்கு ஒரு வாரம் ஆசிட் புகையில நின்னீங்கன்னு சொன்னா புதுசா வந்தவங்க சிரிக்கறாங்க. கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள். சிரிக்கட்டும். நாங்களும் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செங்கம் ரோட்டில் காலை நடைக்குப் போகும்போது என்னோடு நடப்பவர்கள் எல்லாரும், டிவியில் அணு உலை பற்றி ஏதாவது வந்துவிட்டால் போதும், என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். தனியார் கட்டப்போகிறார்களாமே, சின்னச் சின்னதாக ஊருக்கு ஒன்று வைப்பார்களாமே, நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறார்கள். ஒரே வார்த்தையில் சொல்கிறவரை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்சம் உண்மைதான்.

கடலோரத்தில் ஓர் அணு ஆராய்ச்சிக் கூடம். அதில் வேதியியல் பிரிவு. அதற்குள் எங்கள் பிரிவு ரொம்பச் சின்னது, வேலையோ யாரும் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாதது. புளூட்டோனியத்தோடும் யுரேனியத்தோடும் வேலை செய்கிறவர்களின் சிறுநீரை வாங்கி, அதில் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பது. உடம்புக்குள் ஏதாவது போயிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். கேன்டீனில் எனக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். எங்கள் அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்து எங்கள் கிராமத்தில், "எம்பொண்ணு தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். வேலூரில் எம்.எஸ்சி., பிறகு ஒரு வருடப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நிறையப் படித்தேன், நிறைய மறந்தேன்.

வேலை இதுதான். ஆளுக்கு ஒரு பெரிய வெள்ளை பாட்டில் கொடுப்போம். வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரு முழு நாள் சிறுநீரை அதில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வேலை இடத்தில் நிரப்பக் கூடாது. கையிலோ துணியிலோ தூசி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். அந்த பாட்டிலை ஸ்டாஃப் பஸ்ஸில் எடுத்து வருவதற்கு நம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஸ்வீட் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்த ஒருவரிடம், பக்கத்து சீட்காரர் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்.

வந்த பாட்டிலில் கொஞ்சத்தை யுரேனியம் பார்க்கத் தனியாக எடுத்து வைப்போம். அதற்கென்று ஒரு கருவி, யுரேனியம் இருந்தால் அதற்குள் பச்சையாக ஒளிரும். மீதியில் புளூட்டோனியம் தேட வேண்டும். முதலில் தெரிந்த அளவு வேறொரு வகைப் புளூட்டோனியத்தை நாங்களே கலந்துவிடுவோம். கடைசியில் அது எவ்வளவு திரும்பிவருகிறது என்று பார்த்தால், நடுவில் நாங்கள் எவ்வளவு தொலைத்தோம் என்று தெரிந்துவிடும். பிறகு ஆசிட் ஊற்றிக் காய்ச்சுவது, வெள்ளையாகப் படியவைப்பது, மறுபடி காய்ச்சுவது, பிசின் மணிகள் அடைத்த கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குவது. கடைசியில் எட்டணாக் காசு அளவு எஃகுத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி, இருப்பதையெல்லாம் அதில் ஏற்றுவோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தகட்டைக் கருவிக்குள் வைத்துவிட்டு ஒரு நாள் பூராவும் காத்திருப்போம். ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஓர் இடத்தில் கோடாக எழும்பும். கோடு எழும்பாவிட்டால் நிம்மதி.

எங்கள் தலைவர் தணிகாசலம் சார். குரல் உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. அது நல்ல குணம் என்று நினைக்க வேண்டாம், அவர் மெதுவாகப் பேசினால்தான் எங்களுக்குப் பயம். எந்த எண்ணையும் இரண்டு தரம் வாய்விட்டுப் படிப்பார். முதல் தரம் நம்மைப் பார்த்து, இரண்டாம் தரம் ஜன்னலைப் பார்த்து. முழுக்கைச் சட்டையை மடிக்காமல் பட்டன் போட்டபடி ஆசிட் மேடைக்கு வருவார், ஒரு துளி பட்டுப் பார்த்ததில்லை. எங்களைப் போலவே அவரும் முறை வரும்போது பாட்டில் கொண்டுவந்து வரிசையில் வைப்பார், மறைக்காமல், கையிலேயே.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. 'இல்லை' என்ற வார்த்தையை ரிப்போர்ட்டில் எழுத விடமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரிசல்ட்டில் 'புளூட்டோனியம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"நீங்க உள்ள போய் பார்த்தீங்களாம்மா?" என்றார்.

"கோடே இல்ல சார்."

"கோடு இல்லைன்னா, நம்ம கருவிக்குத் தெரியற அளவுக்கு கம்மியா இருக்குதுன்னு அர்த்தம். அதை அப்படியே எழுதுங்க. இல்லைன்றதை கடவுள் எழுதட்டும்."

கோபமாக வந்தது. ஓர் ஆறு மாதம் கழித்துத்தான் அவர் சொன்னது உறைத்தது.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, அணுப் பொருளைத் தொடாத ஒருவரின் சிறுநீர் வேண்டும். நான் புதிது, இன்னும் எதையும் தொடவில்லை, என்னுடையதையே கொடுத்தேன். கருவியில் வைத்தால் யுரேனியம் எல்லாரையும் விட எனக்கு ஜாஸ்தி. தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். தணிகாசலம் சார் எண்ணை இரண்டு தரம் படித்தார்.

"எந்த ஊரும்மா?"

"கீழ்பென்னாத்தூர் பக்கம் சார். நேத்துதான் ஊர்ல இருந்து வந்தேன்."

"போர் தண்ணியா?"

"ஆமா சார். பாறை. வெடி வச்சாதான் கிணறே தோண்ட முடியும்."

"அப்ப பாறை கரைஞ்சி வருது. பயப்படாதீங்க. உங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் இதேதான் வரும்."

கருங்கல் பாறையில் யுரேனியம் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும், ஆழத்துத் தண்ணீரில் கரையும். ஹாஸ்டலில் கடலோரத் தண்ணீர் குடித்துக் குடித்து எனக்கு அது இறங்கிவிட்டது. ஊருக்குப் போய்வந்தால் மறுபடி ஏறும். லீவில் வேறெங்காவது சுற்றிவிட்டு ஊருக்குப் போனேன் என்று நான் பொய் சொல்ல முடியாது என்று எங்கள் பிரிவில் கிண்டல் செய்வார்கள்.

இப்போது ஏழுமலை. எங்கள் பக்கத்து ஊர்க்காரன், டெக்னீஷியன், என்னைவிட இளையவன். என்னை அக்கா என்பான். அவனுடைய வேலை கையுறைப் பெட்டியில். புளூட்டோனியத்தை வெளியில் வைத்து யாரும் தொட மாட்டார்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி, அதன் சுவரிலேயே தடித்த ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். அதற்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். ஒருநாள் பெட்டிக்குள் ஒரு கம்பி முனை கையுறையைத் துளைத்து அவன் கட்டைவிரலில் ஏறிவிட்டது. வேறு இடமாக இருந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பான். அங்கே சைரன், கழுவல், மருத்துவமனை, விரலில் கொஞ்சம் சதையைக் கத்தரித்து எடுத்தல். அப்படியும் கொஞ்சம் ரத்தத்தில் கலந்துவிட்டது.

அதற்கு மருந்து உண்டு. சொட்டு மருந்தாக ஏற்றினால் ரத்தத்தில் இருக்கிற புளூட்டோனியத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். ஆனால் எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டால் அதை எடுக்க எந்த மருந்தாலும் ஆகாது. அதனால் ஆரம்பத்திலேயே விடாமல் ஏற்ற வேண்டும். எவ்வளவு வெளியே வருகிறது என்று நாங்கள் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார். ஏழுமலைக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள், முதல் சில பாட்டில்களில் கோடு நன்றாக எழும்பியது. தொடர வேண்டும் என்றார் டாக்டர்.

நடுவில் கார்த்திகை தீபம் வந்தது. ஏழுமலை லீவு கேட்டான். ஊருக்குப் போ, திரும்பும் முன் ஒரு முழு நாள் பாட்டிலில் சேர்த்துக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார்கள். கொண்டுவந்து கொடுத்தான். முகத்தில் தெளிவு. "இதோட முடிஞ்சிடும்ல அக்கா?" என்று கேட்டான்.

அந்த பாட்டிலில் புளூட்டோனியக் கோடே எழும்பவில்லை.

தணிகாசலம் சாருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் எண்ணை இரண்டு தரம் படித்துவிட்டு, "நாம கலந்தது திரும்பி வந்துதா?" என்றார். வந்திருந்தது, முழுசாக. ஆக, வேலையில் பிசகு இல்லை. மீதி வைத்திருந்ததில் மறுபடி செய்யச் சொன்னார். இன்னொரு வாரம் ஆசிட் புகை. அதே பதில். அத்தனை இருந்தது இத்தனை சீக்கிரத்தில் கருவிக்கே தெரியாமல் போகாது. பிறகு யுரேனியத் தாளை எடுத்தார். அது தாறுமாறாக ஏறியிருந்தது.

"ஊருக்குப் போய் போர் தண்ணி குடிச்சிருப்பான் சார்" என்றேன்.

"குடிச்சா யுரேனியம் ஏறும். புளூட்டோனியம் ஏம்மா காணாம போவுது?"

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது, பாட்டிலில் இருந்தது ஏழுமலையுடையதே இல்லை. அது வருடக் கணக்கில் எங்கள் ஊர்த் தண்ணீரையே குடிக்கிற, கையுறைப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவருடையது.

ஏழுமலையைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நான் எழுந்து போகப் பார்த்தேன், இருக்கச் சொன்னார். இரண்டு தாள்களையும் அவன் பக்கம் திருப்பி வைத்து, பாடம் நடத்துவது மாதிரி இல்லாமல், கடையில் சாமானைக் காட்டுவது போல் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"என்னுதுதான் சார்" என்றான் ஏழுமலை.

"நான் உங்களை நம்பறேனா இல்லையான்றது விஷயமே இல்ல. மருந்தை நிறுத்தலாமான்னு டாக்டர் என்னை கேக்கறாரு. இந்த பாட்டிலை வச்சி நான் பதில் சொல்ல முடியாது."

அவன் தாள்களைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினான். பிறகு சொன்னான். தை மாதம் கல்யாணம். பெண் சொந்த அத்தை மகள், செல்வி. அவளுக்கு அப்பா அம்மா உயிரோடு இல்லை, அவள் அண்ணன் பச்சையப்பன்தான் எல்லாம். அவர் காதுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. "உடம்புல அணு ஏறினவனுக்கு எந்தங்கச்சிய குடுக்க மாட்டேன். சுத்தம்னு ஆபீஸ்ல பேப்பர் வாங்கினு வா" என்று சொல்லிவிட்டாராம்.

"சுத்தம்னு நான் யாருக்கும் எழுதிக் குடுத்ததில்ல" என்றார் சார். "எனக்கே எழுதிக்கிட்டதில்ல."

"அப்ப மருந்தே வேணாம் சார். பாட்டிலும் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போறது தெரிஞ்சாலே அவரு சம்பந்தத்தை முறிச்சிக்குவாரு. நாப்பது வயசுல வரப்போற நோவுக்கு இப்பவே எதுக்கு சார் பொண்ண வுடணும்?"

கட்டாயப்படுத்தி யாருக்கும் மருந்து ஏற்ற முடியாது. வெளியே வந்ததும் ஏழுமலை என் பின்னாலேயே வந்தான். "அக்கா, நீங்க நம்ம பக்கத்து ஆளு. நீங்க வந்து மச்சாங்கிட்ட பேசுங்க. யாரோட பாட்டில்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க." நான் சாரிடம் போய்ச் சொன்னேன். அவனே கேட்கிறான் என்றால் போய் வாருங்கள் என்றார். கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "ஒண்ணே ஒண்ணு. பயமே இல்லைன்னு சொல்லிடாதீங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கல்யாணத்தைக் காப்பாற்றப் போகிறவள் கையையும் கட்டி அனுப்புகிறாரே என்று.

பச்சையப்பன் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். வீடு கடைக்குப் பின்னாலேயே. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை. என்னை உட்காரவைத்து சோடா வாங்கி வரச் செய்து, மரியாதையாகத்தான் பேசினார். முரடர் இல்லை. தங்கைக்குப் பயந்த அண்ணன் என்பதைவிட, தங்கைக்காகப் பயந்த அண்ணன்.

"கிட்ட இருந்தா ஒட்டிக்குமா மேடம்?"

"ஒட்டாதுங்க. உள்ள இருக்கற புளூட்டோனியத்தோட கதிர் தோலைத் தாண்டி வெளிய வராது."

"புள்ளைங்களுக்கு வருமா?"

"இவருக்கு இருக்கற அளவுல வரும்னு நெனைக்க எந்தக் காரணமும் இல்லைங்க."

"அவனுக்கு?"

இந்த இடம்தான். பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, வாய் வரைக்கும் வந்தது. "அவருக்குப் பின்னாடி புற்றுநோய் வர்றதுக்கு, மத்தவங்களைவிட கொஞ்சம் ஜாஸ்தி வழி இருக்குதுங்க. மருந்து ஏத்தினா அது கம்மியாகும். சுத்தமா போயிடும்னு என்னால சொல்ல முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

"அண்ணே, இந்தக் கடையில பூச்சி மருந்து விக்கறீங்க. பயமே இல்லாத பொருளா அது?"

"அதுக்கு நான் கை கழுவறேன்."

"அவரு கை கழுவறதுதான் அந்த மருந்து."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி, மேலே பேசினேன். உங்கள் வீட்டு போர் தண்ணீரிலேயே யுரேனியம் இருக்கிறது, என் உடம்பிலும் இருந்தது, அதனால்தான் தீபத்துக்கு வந்து திரும்பியபோது ஏழுமலை கொண்டுவந்த பாட்டில் அவனுடையது இல்லை, இந்த ஊர் ஆள் ஒருவருடையது என்று கண்டுபிடித்தோம் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சோடாவைக் கீழே வைத்தார். "எங்க தண்ணியிலயா?" அதைச் சமாதானப்படுத்தக் கொஞ்ச நேரம் ஆனது. ஏழுமலை விஷயம் அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவருகே செல்வி வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. என்னைப் பார்த்துத்தான் பேசினாள், அண்ணனைப் பார்க்கவில்லை.

"அக்கா, அந்த பாட்டில்ல குடுத்தது நாந்தான்."

பச்சையப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் தனியாக நின்று பேசினாலே நாலு பேர் பார்க்கிற இடம் அது.

"மாமா வேணாம்னுதான் சொன்னாரு. இதைக் கொண்டுபோய் குடு மாமா, அண்ணன் கேட்ட பேப்பர் வந்துடும்னு நாந்தான் புடிச்சிக் குடுத்தேன். தப்பாக்கா?"

"அந்த பாட்டிலைப் பார்த்துதான் மாமாவுக்கு மருந்து குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. உன்னுது போனா, வேணாம்னு ஆயிடும்."

"நிறுத்திட்டா?"

"எலும்புல போய் உக்காந்துடும். அப்புறம் எடுக்க முடியாது."

அவள் முகம் மாறியது. அழவில்லை. "இதை மாமா எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். அவன் சொல்லியிருக்க மாட்டான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, பேப்பர் வேணாம். நீ என்னைக் கட்டிக் குடுத்தாலும் குடுக்காட்டியும் மாமா மருந்து ஏத்திக்கட்டும். எனக்கு அது போதும்."

பச்சையப்பன் என்னை பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் பஸ் ஏறும்போதும் சரியென்றோ இல்லையென்றோ அவர் வாயிலிருந்து வரவில்லை.

செல்வி அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே ஏழுமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து மறுபடி சொட்டு மருந்து ஏற்றிக்கொண்டான். பாட்டிலை மாற்றிக் கொடுத்ததற்கு மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. கையுறைப் பெட்டிப் பக்கம் போகாதபடி வேறு வேலை கொடுத்தார்கள். தணிகாசலம் சார் நடந்ததை நடந்தபடியே எழுதினார், யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் கடைசி வரியில், இவரை வேலையிலிருந்து எடுத்தால் அடுத்தவர் காயத்தையே மறைப்பார் என்றும் எழுதியிருந்தார். கல்யாணம் தையில் நடக்கவில்லை, வைகாசியில் நடந்தது. பச்சையப்பன் முகூர்த்தத்துக்கு வரவில்லை, பந்திக்கு வந்தார். ஏழுமலை இப்போது ஓய்வு பெற்று ஊரில் நிலக்கடலை பயிரிடுகிறான். வருடத்துக்கு ஒருமுறை உடம்பைப் பார்த்துக்கொள்கிறான். இதுவரை ஒன்றும் தெரியவில்லை. 'இதுவரை' என்பதை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

அணு மின்சாரம் வேண்டும் என்று நினைக்கிறவள் நான். நிலக்கரிச் சாம்பலையும் அதை மூச்சில் இழுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் கட்டினாலும், அரசாங்கமோ தனியாரோ, நான் முதலில் கேட்பது உலை எவ்வளவு பெரியது என்று இல்லை. அங்கே விரலில் கம்பி குத்தியவன் பயப்படாமல் வந்து சொல்ல முடியுமா என்றுதான் கேட்பேன். சொன்னால் பெண் கிடைக்காது, வேலை போகும் என்று இருந்தால், எந்த மெஷினும் அவனைக் கண்டுபிடிக்காது. நஸ்ரீனுக்கும் அதையே சொல்கிறேன்.

எனக்கு மறக்காதது, மறுபடி மருந்து ஏற்றிய பிறகு அவன் கொண்டுவந்த முதல் பாட்டிலின் ரிசல்ட். கோடு எழும்பியது, முன்னைவிடப் பெரிதாக. சார் இரண்டு தரம் படித்தார், ஜன்னலைப் பார்க்கும்போது லேசாகச் சிரித்தார். புளூட்டோனியத்தைப் பார்த்து எனக்கும் வாழ்க்கையில் அன்றுதான் சந்தோஷம் வந்தது. ஏழுமலையைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பிரிவின் போன் அடித்தது. அவன் எடுத்துக் கொஞ்சம் பேசிவிட்டு, "செல்வி. கடையில இருந்து பேசறா. அவங்க அண்ணன்தான் போட்டுக் குடுத்தாராம். நீங்களே சொல்லுங்கக்கா" என்று என்னிடம் நீட்டினான்.

"எவ்ளோக்கா வந்துது?"

"நிறைய வந்திருக்கு."

"நிறையன்னா நல்லதா?"

"நல்லது. உள்ள இருந்தது வெளிய வருது."

அந்தப் பக்கம் உரக்கடையில் யாரிடமோ அவள் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. ஓர் ஆண் குரல் ஏதோ கேட்டது. பிறகு மறுபடி அவள் வந்தாள்.

"அக்கா, அண்ணன் கேக்குது. இன்னும் எவ்ளோ இருக்குதுன்னு இல்ல. மாமாவுக்கு அந்த மருந்து ஏத்தறப்ப என்ன சாப்பிடக் குடுக்கலாம்னு கேக்குது."